பைக்குள் வெண்ணெய்

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு பெண்மணியின் பிழைப்பைக் கெடுத்தேன். பிழைப்போடு, அவருக்குத் தம் மூக்கின்மேல் இருந்த நம்பிக்கையையும் கெடுத்தேன். அதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு நெத்திலிக் கருவாடு. விளையாட்டாகச் செய்தது என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். கருவாட்டை வைத்தது விளையாட்டுத்தான். அதற்கு அடுத்த நாள் செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பேரப்பிள்ளைகள் இன்னும் தங்கவயலில் இருக்கிறார்கள். எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

தங்கச் சுரங்கங்களுக்காக மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த புதிது அது. சீமையிலிருந்து வந்து சுரங்கத்துக்குள் வேலை வாங்கிய துரைகளைக் கேப்டன் என்பார்கள். அவர்கள் பங்களாக்களில் எங்கே பார்த்தாலும் தோல் சாமான்: கைப்பை, துப்பாக்கி உறை, தொப்பிப் பெட்டி, சேணத்தோடு கட்டும் பை, இடுப்பு வார். ஐப்பசி மழை பிடித்தால் பத்து நாளில் அத்தனையிலும் பச்சைப் பூசணம் பூத்துவிடும். பூசணத்தைத் துடைத்துவிடலாம், நாற்றத்தைத் துடைக்க முடியாது. அந்த நாற்றத்தை எடுப்பதுதான் அக்காவின் வேலை. ஒரு கேப்டன் வீட்டில் ஆயாவாக இருந்தபோது மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டவர். அந்தக் குடும்பம் கப்பலேறிய பிறகு, கூலிக்காரர் லைனில் ஒரு தட்டிக் குடிசையில் இதையே தொழிலாக வைத்துக்கொண்டார். கணவர் முன்பே காலமாகியிருந்தார்.

பையைக் கொடுத்தால் அவர் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. அதன் வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் காது வரைக்கும் உள்ளே விடுவார். உள்ளே இருந்தபடியே பேசத் தொடங்குவார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

“முட்டை ஒடஞ்சிருக்குது. ரெண்டு. ஒன்னு நல்லது, ஒன்னு கூமுட்டை. ஏம்பா பட்லரு, சந்தையில தண்ணில போட்டுப் பாத்து வாங்கமாட்டியா?”

பட்லர் சுற்றுமுற்றும் பார்ப்பார். பையில் முட்டை உடைந்ததை அவர் துரைசானியிடமே சொல்லியிருக்கமாட்டார்.

அக்காவின் சங்கடமே இதுதான். மூக்கில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒரு மேஸ்திரி, குடிப்பதில்லை என்று கோயிலில் மாதா முன்னால் சத்தியம் செய்தவர், இடுப்பு வாரை மனைவியிடம் கொடுத்தனுப்பாமல் தாமே கூட வந்த தவறைச் செய்தார்.

“வேர்வ. சுண்ணாம்பு. அப்பறம் ஈச்சமரம்” என்றார் அக்கா.

“சொரங்கத்து லெவல்ல ஏதுக்கா ஈச்சமரம்?” என்றாள் மேஸ்திரியின் மனைவி.

“அத்தத்தான் நானும் யோசிக்கிறேன். ஆயிரம் அடிக்குக் கீழ எப்டி மரம் மொளைக்குது? உங்க ஊட்டுக்காரரு பக்கத்துலதானே கீறாரு, கேளேன்.”

அவர்கள் வீடு போய்ச் சேரும் வரை கேட்டுக்கொண்டே போனாள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள்.

பாறை வெடிக்கும் வேலை பார்த்த ஒருவன் கொண்டுவந்த பையில் தலையை விட்டவர், உடனே வெளியே எடுத்து நெற்றிப் பொட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டைனமைட்டை மோந்தால் தலை பிளந்துபோகும். “இதுல வெடி போயிருக்குது. பேத்தமங்களா ஏரியில மீன் புடிச்சியா?” என்றார். அவன் முகம் வெளுத்தது. “மீனு கெடக்கட்டும். ராவெல்லாம் இத்த எங்க வச்சே? புள்ளைங்க படுக்கிற எடத்துல வச்சியா?” அன்று அவர் விளையாடவில்லை. அவன் இனி வெடியை வீட்டுக்கு எடுத்து வருவதில்லை என்று சொன்ன பிறகுதான் பையை வாங்கினார்.

நாற்றத்துக்கு மேல் வாசனை பூசுவது அவருக்குப் பிடிக்காது. கொஞ்சம் அத்தர் தடவிக் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்கள் பையோடு திரும்பிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாம்பிராணிப் புகை வரும்போது இவருக்கு இருப்புக் கொள்ளாது. பூசை முடிந்ததும் சாமியாரிடமே போய், “இன்னாத்த மறைக்கிறதுக்கு சாமி இம்மாம் புகை?” என்று கேட்டிருக்கிறார். சாமியார் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, பூசைச் சாமான்கள் வைக்கும் தம் தோல் பெட்டியையும் நாற்றமெடுக்கக் கொடுத்தனுப்பினார். அது தவக்காலம். அக்கா பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, “முறுக்கு வாடைதான் சாமி எடுக்க ரொம்பக் கஷ்டமா பூட்ச்சி” என்றார், கோயில் வாசலில், எல்லாருக்கும் கேட்க.

வேலை செய்யும் விதத்தில் ரகசியம் எதுவும் இல்லை. பையிலுள்ள அறைகளை எல்லாம் வெளியே இழுத்து விடுவார். பூசணத்தைத் தேங்காய் நார்த் தூரிகையால் தட்டுவார். தண்ணீர் கலந்த காடியில் துணியை நனைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, அதைக்கொண்டு துடைப்பார். வெயிலில் காட்டமாட்டார், வெயில் தோலை வெடிக்க வைக்கும். நிழலில் காற்றுப்படத் தொங்கவிடுவார். பிறகு அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்து, துரைமார் கிளப்பில் தூக்கிப்போட்ட இங்கிலீஷ் பேப்பரைக் கசக்கித் திணிப்பார். கரியையும் பேப்பரையும் தினமும் மாற்றுவார். “பாவம், லண்டன் சேதி எல்லாம் இந்தக் காண்டாமிருகத் தோலுக்குள்ள வந்து வேகுது” என்பார். கடைசியில் துளி மெழுகு தேய்த்து, அந்த வாடையும் போகும் வரை இரண்டு நாள் ஆறப்போடுவார்.

இதையெல்லாம் எந்தப் பட்லரும் செய்யலாம். எவரும் செய்யத் துணியாதது அடுத்தது. பேத்தமங்களாவிலிருந்து மோர் விற்க வரும் பெண்ணிடம் அன்று கடைந்த எருமை வெண்ணெய் வாங்கி, ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, கிண்ணத்தைப் பைக்குள் நிறுத்தி, மாலையில் வாரைப் பூட்டிவிடுவார். அடுத்த நாள் காலையில் உடையவர் கண்முன்தான் அந்த வார் திறக்கும். பக்கத்தில் என்ன வாடை இருந்தாலும் வெண்ணெய் குடித்துவிடும். அந்த வெண்ணெயை விரலில் எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். “வெண்ணெ வெண்ணெயாத்தான் கீது. எடுத்துக்கினு போங்க” என்றால் வேலை முடிந்தது. தோல் பைக்குள் ராத்தங்கிய வெண்ணெயை ஒரு பெண் சாப்பிடுவதைப் பார்க்கவே சிலர் வருவார்கள்.

“என்னிக்காவது வெண்ணெயில வாடை வந்தா அன்னியோட இந்த வேலைய வுட்டுடறேன்” என்றும் சொல்வார். அதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். அந்த நாள் வரும் என்று யார் நினைத்தார்கள்?

நான் வேலூர்ப் பக்கத்தில் மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறி, சுரங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். எனக்கு மேலே ஒரு பெரிய குமாஸ்தா. முட்டை என்ற சொல்லைக்கூட உச்சரிக்காத சைவர். ஆனால் மதராஸில் வாங்கிய ஒரு தோல் பை அவருடைய உயிர். பூசை செய்யும் நேரத்தில் அதை வேறு அறையில் வைப்பார். மற்ற நேரத்தில் மடியில் வைத்திருப்பார். அந்த வருஷ மழையில் பை ஈர நாயின் நாற்றம் அடித்தது. அவர் பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் போட்டுப் பார்த்தார்.

ஆபீஸ் வாசலுக்கு வரவழைக்கப்பட்ட அக்கா தலையை உள்ளே விட்டுவிட்டுச் சொன்னார்: “ஏலக்கா மென்னுக்கினு ஒரு நாய் உள்ள படுத்திருக்குதுங்க ஐயா.”

பியூன் முதல் கணக்கர் வரை எல்லாரும் தலையைக் குனிந்து எழுதுவதுபோல் நடித்தோம். பெரிய குமாஸ்தாவுக்குக் கோபம் வந்தாலும் பையைக் கொடுத்தார். வேறு வழி இல்லை.

பத்தாம் நாள் மாலை, பை தயாரா என்று பார்த்துவர என்னை அனுப்பினார். அன்று காலையில்தான் ஒரு மைப் பொட்டுக்காக நான்கு பக்கக் கடிதத்தை மூன்றாம் முறை எழுத வைத்திருந்தார். பஜார் வழியாகப் போனேன். கருவாட்டுக் கூடையைப் பார்த்ததும் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

அக்கா வீட்டில் பை வார் பூட்டி நின்றது. “வெண்ணெ உள்ள போயிட்ச்சி. காலையில வரேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார். நான் வாரை அவிழ்த்து, உள்ளே பக்கவாட்டில் இருந்த சின்ன அறையில் நெத்திலியைச் செருகி, முன்போலவே பூட்டினேன். மறுநாள் பெரிய குமாஸ்தா கையை விடுவார், கருவாடு வரும், ஆபீசே சிரிக்கும், அக்காதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பார். இவ்வளவுதான் நான் கண்ட காட்சி. பக்கத்திலேயே நின்ற வெண்ணெயைப் பற்றி யோசிக்கவே இல்லை. மெட்ரிகுலேஷன் படித்தவன்.

காலையில் ஆபீஸ் வாசலில் எல்லாரும் கூடினோம். அக்கா வாரைத் திறந்தார், கிண்ணத்தை எடுத்தார், விரலை நாக்கில் வைத்தார். கண்ணை மூடியவர் நெடுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது யாரையும் பார்க்காமல், “கருவாடு” என்றார்.

அவர் நினைத்திருந்தால் அதை விழுங்கிவிட்டு, வெண்ணெய் வெண்ணெயாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அது அவரால் ஆகாத காரியம்.

பெரிய குமாஸ்தா இரண்டடி பின்னால் போனார். “என் பையிலா? உன் வீட்டுச் சமையலை என் பையிலா வைத்தாய்?”

“என் ஊட்ல கருவாடு வாங்கி ரெண்டு மாசம் ஆவுதுங்க. உள்ள இன்னாவோ கீது. பாக்கிறேன்.”

“நீ தொடாதே. தள்ளி நில்.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ கைய வுட்டுப் பாரு.”

கையை விட்டேன். நெத்திலி விரலில் பட்டது. அதை வெளியே எடுத்திருந்தால் எனக்கு வேலை போயிருக்கும், வேறொன்றும் ஆகியிருக்காது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

“ஒன்னும் இல்லக்கா.”

“நல்லா பாத்தியா?”

“நல்லா பாத்தேன்.”

கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் நாக்கிலும் மூக்கிலும் அந்த நேரம் கருவாட்டு வாடை நிறைந்திருந்ததால், மூன்றடி தூரத்தில் நின்ற என்னிடமிருந்து வந்ததை அவரால் பிரித்தறிய முடியவில்லை. அவர் பையைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். “அப்போ தோல்லயே இருந்திருக்குது. பத்து நாளா எனக்குத் தெரியாம இருந்திருக்குது. மூக்கு பூட்ச்சி” என்றார், சாதாரணமாக, மழை வருகிறது என்று சொல்வதுபோல. பிறகு கிண்ணத்தை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். நெத்திலியை நான் ஆபீசுக்குப் பின்னால் காகத்துக்குப் போட்டேன்.

பெரிய குமாஸ்தா பையை விடவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதால், லைனின் காற்று மட்டுமே பட்டது என்று தீர்மானித்து, மஞ்சள் நீர் தெளித்து, ஒரு வாரத்தில் மீண்டும் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா தம் வேலையை விட்டுவிட்டார். பட்லர்கள் வந்து கெஞ்சினார்கள். “கண்ணு தெரியாதவன் வண்டி ஓட்டலாமா?” என்று திருப்பி அனுப்பினார்.

சுரங்க வாசலில் கேழ்வரகுப் புட்டு அவித்து விற்கத் தொடங்கினார். ஷிப்டு மாறும் சங்கு ஊதும்போது அவர் அடுப்பைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். பச்சை விறகு. முகமெல்லாம் புகை, கண் எப்போதும் சிவந்து நீர் வழியும். நான் தினமும் போய்ப் புட்டுத் தின்றேன். எனக்குக் கேழ்வரகு பிடிக்காது. சந்தையில் தேடிப்பிடித்து நாற்றம் பிடித்த பழைய பை ஒன்றை வாங்கிக்கொண்டும் போனேன். “எனக்கு எதுக்குத் தம்பி? வேற யாராண்டயாவது குடு” என்றார். பிறகு ஒரு வேட்டைப் பை. அதையும் வாங்கவில்லை. என் அறையில் நாற்றம் பிடித்த பைகள் சேர்ந்தனவே தவிர என் வாய் திறக்கவில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்குமேல் போயிற்று. ஒருநாள் காலை, துருவிய தேங்காயை உள்ளங்கையில் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“தம்பி, இது காறல் வாடை அடிக்குதா பாரு. எனக்குத் தெரியறாப்லதான் கீது. ஆனா என் மூக்கை நம்பி விக்க முடியாதே.”

கூமுட்டையை எண்ணிச் சொன்னவர் என்னிடம் கேட்டார். தேங்காய் காறலாகத்தான் இருந்தது.

“அக்கா, அன்னிக்குப் பையில கருவாடு இருந்துது. வச்சதும் நான்தான். எடுத்து மறைச்சதும் நான்தான்.”

பின்னால் இருபது பேர் புட்டுக்கு நின்றார்கள். அக்கா தேங்காயைக் கீழே கொட்டினார். தேங்காய் இல்லாமலே எல்லாருக்கும் புட்டு வைத்துக் கொடுத்தார். கூட்டம் போன பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னா கருவாடு?”

“நெத்திலி.”

“தல கிள்ளினதா, கிள்ளாததா?”

“கிள்ளாதது.”

“அதான் கசந்துது. நெத்திலி, தலையோடன்னு நாக்கு அப்பவே சொல்லுச்சு. நீ இல்லன்னே. நான் உன்ன நம்பிக்கினு நாக்கைத் திட்டினேன். ஒரு வருசமா திட்டறேன் தம்பி.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். எரிகிற விறகின்மேல் ஒரு குடம் தண்ணீர். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார்.

அதே வாசலில், அதே மனிதர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய குமாஸ்தா மடியில் பையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

“எந்த அறையில் வைத்தாய்?” என்றார் மெல்ல.

“உள்ளே, பக்கத்துல இருக்கிற சின்ன அறையிலங்க.”

ஒரு வருஷமாக அவருடைய திருநீற்றுப் பொட்டலம் இருந்த அறை அது. அவர் எழுந்த வேகத்தில் பை தரையில் விழுந்தது. “ஏண்டா, இதைத் தனியாக வந்து சொல்லக்கூடாதா? எனக்குத் தெரியாமலே இருந்திருக்கக்கூடாதா?” என்றார். அவர் குரல் கிட்டத்தட்ட அழுதது.

அக்கா பையை எடுத்து, தலையை உள்ளே விட்டார். ஒரு வருஷம் கழித்து அந்தக் கிணற்றுக் குரல் கேட்டது.

“கருவாடு இல்ல. போயே பூட்ச்சி. மஞ்ச, திருநீறு, மைப் புட்டி.” தலை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. “மூக்குப்பொடி. நேத்துப் போட்டது.”

ஆபீசில் பொடி போடுகிறவர்களை வெளியே நிற்க வைப்பது பெரிய குமாஸ்தாவின் வழக்கம். கணக்கர்தான் முதலில் சிரித்தார். அக்கா தலையை வெளியே எடுத்தபோது அவர் கண்ணில் நீர் இருந்தது. சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே என்னை ஆபீசிலிருந்து மெழுகுத்திரிக் கிடங்குக்கு மாற்றினார்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்குத் திரி கொடுக்கும் வேலை. நான் குறை சொல்லவில்லை. அக்காவிடம் பைகள் மீண்டும் வந்தன. எல்லா பங்களாக்களிலிருந்தும் வரவில்லை. சிலர் ஒரு வருஷத்தில் பெங்களூருக்கு அனுப்பிப் பழகியிருந்தார்கள். மூக்கு திரும்பி வந்தது. புகை தின்ற கண் திரும்பவில்லை. பூசணம் எங்கே மிச்சம் இருக்கிறது என்று அவரால் பார்க்க முடியவில்லை. விரலால் தடவித் தேடினார். நான் சொன்ன உண்மை அந்தக் கண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை.

என்மேல் அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. ஆனால் வீட்டுக்குள் விடமாட்டார். முதல் தடவை, அறியாமல் உள்ளே காலெடுத்து வைத்தேன். “அங்கியே நில்லு தம்பி. உள்ள ஊரான் பையிங்கல்லாம் கீது” என்றார். வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பினேன். அதுவே வழக்கமாயிற்று.

எனக்குக் கல்யாணமாகி மனைவியைத் தங்கவயலுக்கு அழைத்துவந்த மூன்றாம் நாள், அவளை அக்காவிடம் காட்டப் போனேன். தட்டிக் கதவைத் திறந்து, அருகில் இழுத்து முகத்தை உற்றுப் பார்த்து, “வாம்மா, வா, வெயில்ல எதுக்கு நிக்கிறே?” என்று அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அவரு வரலையா?”

“அவரு அங்கதான் நிப்பாரு. நீ குந்து. ஏன்னு சொல்றேன்.”

சொன்னார். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று முழுவதையும் கேட்டேன். அக்கா எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முறுக்குச் சாமியார் கதையும் வந்தது, ஈச்சமரமும் வந்தது. புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. என் முறை வந்தபோது அவள் சிரிப்பு நின்றது.

சற்று நேரத்தில் அவள் ஒரு தம்ளர் காபியோடு வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். “சூடா கீது, ஊதிக் குடி தம்பி” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் அக்கா இருந்தார். மாதம் ஒருமுறை போனோம். என் மனைவி உள்ளே போவாள், பிறகு என் குழந்தைகளும் போனார்கள். எனக்குக் காபி வாசலுக்கு வந்துவிடும்.